சும்மா நிற்கும் ஜெனரேட்டருக்கு எந்த எரிபொருள்?

ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். மின்தடைக்காக வாங்கி வைக்கும் ஜெனரேட்டர் அதில் ஐம்பது, நூறு மணி நேரம் ஓடினாலே பெரிய விஷயம். மீதி நேரமெல்லாம் ஏதோ ஒரு மூலையில் சும்மா நிற்கும். ஆனால் வாங்கப் போகும்போது நாம் போடும் கணக்கெல்லாம் ஓடும் நேரத்தைப் பற்றித்தான் இருக்கிறது: லிட்டருக்கு எவ்வளவு நேரம் ஓடும், எந்த எரிபொருள் மலிவு, எதில் சத்தம் குறைவு.

வீட்டில் ஒரு சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர், குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் பராமரிப்பைக் கவனித்துக்கொண்டபோது ஒரு டீசல் செட், நண்பரின் அச்சகத்தில் காஸில் ஓடும் ஒன்று என மூன்றோடும் பழகியிருக்கிறேன். அதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான். எரிபொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, மாதக்கணக்கில் சும்மா கிடக்கும்போது அது என்ன ஆகும் என்பது. இரண்டாவது, கரண்ட் இல்லாத நாளில் அது நம் கைக்கு எப்படி வந்து சேரும் என்பது. விலையும் மைலேஜும் அதற்கு அப்புறம்தான்.

பெட்ரோலில் தொடங்கலாம், பலரும் வாங்கும் முதல் ஜெனரேட்டர் அதுதான். விலை குறைவு, இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம், கயிற்றை இழுத்தால் ஓடும். எங்கள் வீட்டுச் செட்டும் வாங்கிய புதிதில் ஒரே இழுப்பில் ஓடியது. மழைக்காலம் முடிந்து, டேங்கில் பாதி பெட்ரோலோடு பல மாதம் நின்ற பிறகு நிலைமை வேறு. சோக் போட்டு இழுத்தால் இரண்டு வினாடி உறுமும், அடங்கிவிடும். சோக்கைத் தள்ளினால் அதுவும் இல்லை. மெக்கானிக் வந்து, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ படிந்திருந்தது. “சார், எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. உள்ள இருக்கிற பெட்ரோல்தான் கெட்டுப்போச்சு” என்றார்.

பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் லேசான பகுதிகள் முதலில் ஆவியாகிப் போய்விடும். குளிர்ந்த எஞ்சினைப் பற்றவைக்க உதவுவதே அந்த லேசான பகுதிகள்தான். மிஞ்சியது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாக மாறும். சிறிய எஞ்சினின் கார்புரேட்டர் ஜெட்டில் இருக்கும் துளை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை அடைக்க இந்தப் பிசின் தாராளமாகப் போதும். நன்றாக மூடிய கேனில் பெட்ரோல் மூன்று முதல் ஆறு மாதம் தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். காற்றோட்டத் துளை உள்ள ஜெனரேட்டர் டேங்கில் அவ்வளவுகூட நம்ப முடியாது.

இப்போது பல நாடுகளில் பெட்ரோலோடு எத்தனாலும் கலந்து வருகிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிட்டால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாய் இருப்பதும் அடியில்தானே!

பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். நிறுத்தும்போது சுவிட்சைப் போட்டு நிறுத்தாதீர்கள். பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, தானாக அணையும்வரை ஓட விடுங்கள். கார்புரேட்டரில் இருப்பது எரிந்து தீர்ந்துவிடும். பிறகு கிண்ணத்தின் அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் திறந்து மீதியையும் வடித்துவிடலாம். கேனில் சேமிக்கும் பெட்ரோலுக்கு, நிரப்பிய தேதியை மேலேயே எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதம் ஆனதும் அதை வண்டியில் ஊற்றி ஓட்டித் தீர்த்துவிட்டு, கேனில் புதிதாக நிரப்பலாம். கடையில் விற்கும் ஸ்டெபிலைசர் திரவம் வேலை செய்யும், ஆனால் புதிய பெட்ரோலில் கலந்தால்தான். கெட்டுப்போனதை அது திருப்பிக் கொண்டுவராது.

சேமிப்பதில் இன்னொரு சங்கடம் தீ. சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே பெட்ரோலிலிருந்து தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி கிளம்பும். டீசலுக்கு இந்த அளவு 50 டிகிரிக்கும் மேல். அதாவது எந்தத் தட்பவெப்பத்திலும் பெட்ரோல் கேனைத் திறந்தால் ஒரு தீப்பொறி போதும். அதனால் வீட்டில் நிறைய வைத்துக்கொள்ளவும் முடியாது, சட்டமும் பெரும்பாலும் விடாது. டேங்கும் சின்னது. இரவு முழுக்க ஓட வேண்டுமென்றால் யாராவது ஒருவர் நடுவில் எழுந்து, எஞ்சினை நிறுத்தி, சைலன்சர் சூடு ஆறும்வரை காத்திருந்து நிரப்ப வேண்டும். தூக்கக் கலக்கத்தில் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் ஊற்றுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, டீசல். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ‘டீசல்தான் நம்பகமானது’ என்று கேட்டுக் கேட்டே அதை யாரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிடப் பத்து சதவீதம் அளவுக்குத்தான் அதிகம். ஆனால் கையில் கிடைக்கும் மின்சாரத்தில் வித்தியாசம் பெரிது. சிறிய பெட்ரோல் செட் ஒரு லிட்டரில் ஒன்றரை முதல் இரண்டு யூனிட் தரும். நடுத்தர அளவு டீசல் செட், நல்ல லோடில், மூன்று முதல் மூன்றரை யூனிட் தரும். டீசல் எஞ்சின் காற்றைப் பெட்ரோல் எஞ்சினைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இறுக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. உள்ளே வரும் காற்றை மறித்துக் கட்டுப்படுத்தும் திராட்டில் வால்வும் அதற்குத் தேவையில்லை. தினமும் பல மணி நேரம் கரண்ட் போகும் இடமாக இருந்தால் இந்தக் கணக்கு ஒன்றே போதும், டீசலை வாங்கிவிட்டு மறந்துவிடலாம். தினமும் ஓடும் டீசல் எஞ்சினுக்குப் பெரிதாக எந்த நோயும் வராது.

எங்கள் கட்டடத்தின் கதை வேறு. கரண்ட் எப்போதாவதுதான் போகும். லிப்டும் தண்ணீர் மோட்டாரும் ஒரே சமயத்தில் கிளம்பினாலும் தாங்க வேண்டும் என்று பெரிய செட்டாக வாங்கி வைத்திருந்தார்கள். மோட்டார் நேரடியாகக் கிளம்பும்போது வழக்கமான கரண்டைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும், அதனால் அந்த எண்ணத்தில் நியாயம் உண்டு. ஆனால் லிப்ட் ஓடாத, மோட்டார் ஓடாத நேரத்தில் செட்டின் மேல் இருந்தது மாடிப்படி விளக்குகள் மட்டும்.

20 கிலோவாட் டீசல் செட் ஒன்றை எடுத்துக்கொண்டால், முழு லோடில் மணிக்குச் சுமார் 6 லிட்டர் குடிக்கும். பாதி லோடில் 3.4 லிட்டர். கால் லோடில் 2.3 லிட்டர். கால்வாசி வேலைக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் டீசல். பணம் வீணாவது ஒரு பக்கம் இருக்கட்டும். லோடு குறைந்தால் எஞ்சின் சூடேறாது, டீசல் முழுதாக எரியாது. எரியாத டீசலும் கரியும் எண்ணெயும் கலந்து சைலன்சரில் சேரும். வெட் ஸ்டாக்கிங் என்பார்கள். எங்கள் செட்டின் புகைக்குழாய் இணைப்பிலிருந்து கறுப்பாக எண்ணெய் வழிந்தபோது, எஞ்சின் ஆயில்தான் ஒழுகுகிறது என்று கமிட்டியில் ஒரே சண்டை. ஆயில் அளவைப் பார்த்தால் குறையவே இல்லை. சர்வீஸ் ஆள் வந்து, செயற்கையாக லோடு கொடுக்கும் லோடு பேங்க் என்ற கருவியை மாட்டி, முக்கால் லோடில் சில மணி நேரம் ஓட்டியதும் முதலில் கரும்புகையாகத் தள்ளியது, அப்புறம் தெளிந்தது.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் லோடு இல்லாமல் ஓட்டிவிட்டு ‘செட் நல்லா இருக்கு’ என்று நோட்டில் எழுதும் வழக்கம் பல கட்டடங்களில் உண்டு. டீசல் செட்டுக்கு அது பெரும்பாலும் கெடுதல்தான். அமெரிக்காவில் அவசரகால மின்சார அமைப்புகளுக்கான என்எஃப்பிஏ 110 விதிகள், டீசல் செட்டை மாதம் ஒருமுறை குறைந்தது 30 நிமிடம், அதன் திறனில் 30 சதவீத லோடாவது கொடுத்து ஓட்டச் சொல்கின்றன. நாங்களும் இப்போது அதே முறையில்தான் செய்கிறோம். வேண்டுமென்றே லிப்டையும் மோட்டாரையும் செட்டில் போட்டு ஓட்டுகிறோம். குடியிருப்பவர்களில் சிலர், கரண்ட் இருக்கும்போது எதற்கு டீசலை எரிக்கிறீர்கள் என்று கேட்கத்தான் செய்வார்கள்.

அந்த ஐந்து நிமிட ஓட்டம் மறைத்துவிடும் இன்னொரு விஷயமும் உண்டு. டீசல் டேங்க் பாதி காலியாக இருந்தால், இரவுக் குளிரில் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் துளித்துளியாக நீராகி அடியில் தங்கும். அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் நுண்ணுயிர்கள் குடியேறும். அவற்றுக்கு டீசல்தான் சாப்பாடு. பெருகப் பெருகக் கறுப்பாக, வழவழவென்று ஓர் அழுக்கு சேரும். சும்மா நிற்கும்போது அது அடியிலேயே கிடப்பதால் செட் சுலபமாக ஸ்டார்ட் ஆகும், சிறிது நேரம் நன்றாகவும் ஓடும். உண்மையான மின்தடையில் நீண்ட நேரம் ஓடும்போதுதான் அழுக்கு கலங்கி ஃபில்டருக்கு வரும். எங்கள் செட் அப்படித்தான் சுமார் அரை மணி நேரம் ஓடி, மூச்சுத் திணறி நின்றது. லிப்டில் ஆள் இருந்தார் என்பது தனிக்கதை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டேங்கின் அடிக் குழாயிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர்க் கோடு தெரிந்தாலோ, நடுவில் கறுத்த படலம் தெரிந்தாலோ டேங்கைச் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. டேங்கை எப்போதும் முக்கால் அளவுக்கு மேல் நிரப்பி வைப்பதும், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரை மாதாமாதம் வடிப்பதும் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். டீசல் கெடாது என்பவர்களிடம் வாதம் செய்ய வேண்டாம், ஜாடியைக் காட்டுங்கள். கவனித்துக்கொண்டால் ஒரு வருடம்வரை தாங்கும். பயோடீசல் கலந்ததென்றால் அதற்கும் குறைவு.

டீசல் செட்டை டேங்க் வற்றும்வரை ஓட விடாதீர்கள். பெட்ரோல் செட்டில் தீர்ந்தால் ஊற்றி இழுத்தால் சரி. டீசலில் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால், ஒவ்வொரு இணைப்பாகத் தளர்த்தி, கை பம்பை அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் செய்யப் பிடிக்காத வேலை அது. குளிர் நாடுகளில் இன்னொரு தொல்லையும் சேரும்: வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இறங்கினால் சாதாரண டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும், அதற்கென்று குளிர்கால டீசல் தனியாக உண்டு. ருடால்ஃப் டீசலின் எஞ்சின் வகையைச் சேர்ந்த ஒன்றை 1900 பாரிஸ் கண்காட்சியில் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள் என்பதைப் படித்துவிட்டுச் சமையல் எண்ணெயை ஊற்றிப் பார்க்கும் ஆர்வம் சிலருக்கு வரும். எரிபொருளை எஞ்சினுக்குள் பீய்ச்சும் இன்றைய இன்ஜெக்டர்கள் அந்தக் கெட்டித்தன்மைக்குச் செய்யப்பட்டவை அல்ல.

எரிபொருள் எப்படி வந்து சேரும் என்ற கேள்விக்கு 2012 அக்டோபரில் நியூயார்க்கைத் தாக்கிய சாண்டி புயலைத்தான் நான் உதாரணம் சொல்வேன். பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் 13ஆவது மாடியில் பத்திரமாக இருந்தன. டீசலை மேலே ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் இருந்தன, அங்கே வெள்ளம் புகுந்துவிட்டது. ஊழியர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி டீசலை மேலே கொண்டுபோனார்கள். கடைசியில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. வீட்டு அளவிலும் இதே கேள்விதான். பெட்ரோல் பங்க்கின் பம்புகள் ஓடவும் கரண்ட் வேண்டும். ஊரே இருட்டில் இருக்கும் நாளில், ஜெனரேட்டர் வைத்திருக்கும் பங்க்கில் மட்டும் நீளமான வரிசை நிற்கும். அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற திட்டம் திட்டமே அல்ல.

இந்த இரண்டு கேள்விகளையும் வைத்துப் பார்த்தால் எல்பிஜிக்கு ஒரு பெரிய பலம் தெரியும். சிலிண்டரில் இருக்கும் காஸ் பழசாவதே இல்லை. ஐந்து வருடம் கழித்துத் திறந்தாலும் அதே காஸ்தான். ஜெட் அடைப்பதில்லை, ஸ்பார்க் பிளக் கரி பிடிப்பதில்லை, எஞ்சின் ஆயில்கூட நீண்ட நாள் தெளிவாகவே இருக்கும். நண்பரின் அச்சகத்தில் இருந்த செட் எத்தனை மாதம் நின்றாலும் முதல் முயற்சியிலேயே ஓடும்.

ஆனால் அங்கேயும் ஒரு நாள் வேடிக்கை நடந்தது. செட் ஓடத் தொடங்கிச் சில மணி நேரத்தில் விளக்குகள் மங்கிப் பிரகாசமாகி ஊசலாடின. போய்ப் பார்த்தால் சிலிண்டரின் கீழ்ப்பாதி வெள்ளை வெளேரென்று பனி பூத்திருந்தது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே திரவம் இன்னும் இருக்கிறது. எல்பிஜி சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது, ஆவியாகித்தான் வெளியே வரும். ஆவியாவதற்குத் தேவையான சூட்டைச் சிலிண்டரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். சிறிய சிலிண்டரிலிருந்து வேகமாக இழுத்தால் அது குளிர்ந்துபோய், அழுத்தம் இறங்கி, எஞ்சினுக்கு வேண்டிய காஸ் வராது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும், பியூட்டேன் பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலையில். பியூட்டேன் அதிகம் கலந்த காஸாக இருந்தால் இந்தத் தொல்லை சீக்கிரமே வரும். இரண்டு சிலிண்டர்களை ஒரே குழாயில் இணைத்து, இரண்டிலிருந்தும் பாதிப் பாதியாக எடுக்கும்படி செய்ததும் சரியாகிவிட்டது. சிலிண்டரைத் தீயில் காட்டிச் சூடாக்கும் யோசனையை அங்கே ஒருவர் சொன்னார். தயவுசெய்து வேண்டாம்.

அளவுக் கணக்கு: சிறிய செட் ஒரு யூனிட்டுக்கு அரை கிலோவை ஒட்டி எல்பிஜி எடுக்கும். அதே எஞ்சின் பெட்ரோலில் தரும் சக்தியைவிட எல்பிஜியில் ஏறக்குறைய பத்து சதவீதம் குறையும், அதைச் சேர்த்துத்தான் அளவைத் தேர்வு செய்ய வேண்டும். இன்னொன்று, எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அடித்தளத்திலோ குழியான இடத்திலோ இந்தச் செட்டை வைக்கவே கூடாது. காஸ் கெடாது என்றாலும் ரப்பர் ஹோஸும் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வும் கெடும். ஹோஸில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள், இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

குழாய் வழி இயற்கை எரிவாயு வரும் இடங்களில் சேமிப்பு என்ற பேச்சே இல்லை. மீத்தேன் காற்றைவிட லேசானது என்பதால் கசிவும் மேலே போய்விடும். சக்தி எல்பிஜியைவிடவும் சற்றுக் குறையும். திடீரென்று பெரிய மோட்டார் கிளம்பினால் டீசல் போல உடனே ஈடுகொடுக்காது. வீட்டுக்கு வரும் குழாயும் மீட்டரும் ஜெனரேட்டரின் தேவையைத் தாங்குமா என்று எரிவாயு நிறுவனத்திடம் கேட்டுவிடுவது அவசியம். நிலநடுக்கம் வரும் பகுதியில் மட்டும் இதை ஒன்றையே நம்பி இருக்க வேண்டாம். கரண்ட் போகும்போது எரிவாயுவும் அடைபட்டுவிடலாம்.

எப்போதாவது கரண்ட் போகும் வீட்டுக்கு என்றால், பெட்ரோலிலும் எல்பிஜியிலும் ஓடும் இரட்டை எரிபொருள் செட்டைத்தான் நான் சொல்வேன். ஒரு மணி, இரண்டு மணி நேரத் தடைக்கு இன்வெர்ட்டர் பேட்டரியே போதும், ஜெனரேட்டர் வாங்காதீர்கள். ஐந்து கேவிஏவுக்குக் கீழே டீசல் செட் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை: நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் அந்தச் சிறிய டீசல்களில் கனம், சத்தம், அதிர்வு எல்லாமே பெட்ரோலைவிட அதிகம், மிச்சமாகும் எரிபொருளோ கொஞ்சம்தான். லிப்ட், பெரிய மோட்டார், நீண்ட தடை என்றால் டீசல்தான், ஆனால் 1,500 சுற்றில் ஓடுவதாகவும், வழக்கமான லோடு அதன் திறனில் பாதிக்குக் குறையாமல் இருக்கும்படியும் பாருங்கள்.

எரிபொருள் எதுவானாலும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ‘காஸ் சுத்தமானது’ என்று நம்பி எல்பிஜி செட்டை வராந்தாவில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காதபடி வெளியே வையுங்கள், உள்ளே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டுங்கள். டீசல் புகையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது, அதனால் மாடியில் செட் வைக்கும்போது பக்கத்து வீட்டு ஜன்னலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது இருப்பது இரட்டை எரிபொருள் செட்தான். பெட்ரோல் டேங்க் காலியாக, கார்புரேட்டர் வறண்டு கிடக்கிறது. மாதாந்திர ஓட்டம் முழுக்க எல்பிஜியில். காஸ் தீர்ந்தால் வண்டியிலிருந்து எடுக்காமல், தேதி எழுதிய கேனிலிருந்து புதிய பெட்ரோல் ஊற்றிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறோம். வாங்கியதிலிருந்து இதுவரை மாற்ற வேண்டியிருந்தது பேட்டரியும் காஸ் ஹோஸும் மட்டும்தான்.